ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில் வந்த டிக்கெட்: காசு கட்டுவதற்கு முன்

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து ஒரு கிழமை, பத்து நாள் கழித்துத் தபாலில் அந்தக் கடிதம் வரும். கார் உள்ளே நுழையும் படம் ஒன்று, வெளியேறும் படம் ஒன்று, நம்பர் பிளேட்டைத் தனியாக வெட்டி எடுத்த படம் இன்னொன்று. கீழே தொகை: 100 பவுண்ஸ், 14 நாளுக்குள் கட்டினால் 60 என்று தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். எங்கள் ஆட்களில் கனபேர் பயந்துபோய் அன்றைக்கே அறுபதைக் கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர், "பிரைவேட் கம்பனிதானே, அவனால் என்ன செய்ய முடியும்" என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். கட்டிவிட்டால் மேன்முறையீட்டுக்கு இடமில்லை. குப்பையில் போட்டால் ஒரு வருடம் கழித்துக் கோர்ட் கடிதமாக வந்து நிற்கலாம். கட்டாமலும் ஒளியாமலும் இதை எதிர்க்க வழி இருக்கிறது. ஆஸ்பத்திரித் தரிப்பிடம் என்றால், சூப்பர்மார்க்கெட் தரிப்பிடத்தில் கிடைக்காத ஒரு துணையும் உண்டு. அதைத்தான் கூடுதலாகச் சொல்லப்போகிறேன்.

நான் சட்டத்தரணி இல்லை. கிழக்கு லண்டனில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை. வரிக் கடிதத்தோடு வருகிறவர்கள் பையின் அடியிலிருந்து இதையும் எடுத்து மேசையில் வைப்பார்கள். "தம்பி, இதையும் ஒருக்கால் பாருங்கோ." அப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகியதைத்தான் எழுதுகிறேன். சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு. வேல்ஸில் சட்டம் இதேதான், ஆனால் அங்கே என்எச்எஸ் (அரச சுகாதார சேவை) ஆஸ்பத்திரிகளில் தரிப்பிடம் இலவசம். ஸ்கொட்லாந்தின் சட்டம் வேறு, அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

முதலில், அனுப்பியது யார்?

கவுன்சில் அனுப்பினால் அதில் பெனால்டி சார்ஜ் நோட்டீஸ் என்று இருக்கும். தனியார் கம்பனி அனுப்புவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். சுருக்கம் இரண்டுக்கும் பிசிஎன்தான், அதனால் முழுப்பெயரையும் அனுப்பியவரின் பெயரையும் வாசியுங்கள். கவுன்சில் டிக்கெட் சட்டப்படியான தண்டம், அதற்கு வேறு வழிமுறை. தனியாருடையது ஒரு சிவில் கோரிக்கை: "வாசலில் பலகை வைத்திருந்தோம், நீங்கள் காரை நிறுத்தியபோது அந்த நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டீர்கள், இப்போது மீறிவிட்டீர்கள்" என்பதுதான் அவர்களின் வாதம். லைசென்ஸில் புள்ளி விழாது. இது குற்றமும் இல்லை. கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக மட்டும் வந்து, ஒரு இணைப்பை அழுத்திக் காசு கட்டச் சொன்னால் அது அநேகமாக மோசடி, அழித்துவிடுங்கள்.

கம்பனிக்கு உங்கள் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாகனங்களைப் பதியும் அரச அலுவலகமான டிவிஎல்ஏயிடம் ஒரு காருக்கு 2.50 பவுண்ஸ் கட்டி வாங்குகிறார்கள். அதற்கு அவர்கள் பிபிஏ அல்லது ஐபிசி என்ற இரண்டு பார்க்கிங் கம்பனிச் சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக இருக்கவேண்டும். கடிதத்தின் அடியில் எந்தச் சங்கத்தின் சின்னம் இருக்கிறது என்று குறித்துவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

"தண்டம் அநியாயமாகக் கூட, கோர்ட்டில் நிற்காது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செல்ம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைத்தொகுதித் தரிப்பிடத்தில் இரண்டு மணிநேர இலவச நேரத்தைத் தாண்டி 56 நிமிடம் நின்ற பாரி பீவிஸ் என்பவர் இதே வாதத்தை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனார். 2015 நவம்பரில் தோற்றுப்போனார். 85 பவுண்ஸ் நியாயமான தொகைதான் என்றது நீதிமன்றம். ஆனால் அந்தத் தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: பலகைகள் பெரியவையாக, தெளிவாக, கண்ணில் படும்படி இருந்தன என்பதும் கம்பனி வெல்வதற்கு உதவியது. உங்கள் ஆஸ்பத்திரியில் பலகை மரக்கிளைக்குப் பின்னால் மறைந்திருந்தால் அதே தீர்ப்பு உங்களுக்குக் கைகொடுக்கும்.

திகதிக் கணக்கு

2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு, புரொடெக்ஷன் ஒஃப் ஃப்ரீடம்ஸ் அக்ட். அதன் நான்காம் அட்டவணைதான் இந்த விளையாட்டின் விதிப்புத்தகம். காரை ஓட்டியவர் யார் என்று கம்பனிக்குத் தெரியாதபோது, பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரிடம், அதாவது கீப்பரிடம், காசு கேட்க அது இடம்கொடுக்கிறது. ஆனால் சும்மா இல்லை, நிபந்தனைகளோடு.

கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் கமெராவில் மட்டும் பிடித்திருந்தால், காரை நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் கடிதம் கீப்பரிடம் சேர்ந்திருக்கவேண்டும். எழுதப்பட்ட திகதி வேறு, சேர்ந்த திகதி வேறு. தபாலில் போட்டால், போட்ட நாளுக்குப் பின்வரும் இரண்டாவது வேலைநாளில் சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. உதாரணத்துக்கு 2025 மார்ச் 3 திங்கட்கிழமை கார் நின்றது என்று வையுங்கள். 17ஆம் திகதிக்குள் சேரவேண்டும். கடிதத்தை 14ஆம் திகதி வெள்ளிக்கிழமை அனுப்பியிருந்தால் கணக்கின்படி சேர்வது 18 செவ்வாய்க்கிழமை. ஒரு நாள் பிந்திவிட்டது, கீப்பரிடம் கேட்கும் உரிமை போய்விட்டது. இந்த ஒரு நாளைத்தான் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நான் முதலில் எண்ணுவது அதைத்தான்.

கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியிருந்தால் கணக்கு வேறு. கம்பனி 28 நாள் பொறுத்திருந்து, அதற்கடுத்த 28 நாளுக்குள் கீப்பருக்கு அனுப்பவேண்டும். வாடகைக் கார், கம்பனிக் கார் என்றால் முதல் கடிதம் வாடகை நிறுவனத்துக்குப் போகும், அதற்குத் தனி விதிகள்.

கடிதம் பிந்தினால் கீப்பர்தான் தப்புகிறார். ஓட்டியவர் யார் என்று தெரிந்தால் அவரிடம் கேட்கலாம். அதனால்தான் சொல்கிறேன், கம்பனிக்கு எழுதும் எதிலும் "நான் ஓட்டிக்கொண்டு போனேன்", "நான் நிறுத்தினேன்" என்று எழுதாதீர்கள். "ஓட்டுநர்", "வாகனம்" என்று எழுதுங்கள். ஓட்டியவரின் பெயரைத் தனியார் கம்பனிக்குக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பொய் சொல்லச் சொல்லவில்லை. ஓட்டியவர் நீங்களாக இருந்துகொண்டு "மகன்தான் ஓட்டினான்" என்று எழுதினால் அது பின்னால் கழுத்தைப் பிடிக்கும். சொல்லாமல் இருப்பது போதும்.

கம்பனியின் இணையப் படிவத்தில் இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். படிவத்தின் முதல் கேள்வியே "நீங்கள் யார்?" என்பதாக இருக்கும், ஓட்டுநர், கீப்பர், வாடகைக்கு எடுத்தவர் என்று தெரிவுகள். ஓட்டுநர் என்பதுதான் மேலே முதலாவதாக இருக்கும். அவசரத்தில் அதைத் தட்டிவிடாதீர்கள். கீப்பர் என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

ஆஸ்பத்திரியை உங்கள் பக்கம் இழுப்பது

தரிப்பிடத்தை நடத்துவது கம்பனி, நிலம் ஆஸ்பத்திரியுடையது. கம்பனி அங்கே ஒப்பந்தக்காரர் மட்டுமே. நிலத்துக்குச் சொந்தக்காரர் "இந்த டிக்கெட்டை ரத்துச்செய்" என்றால் கம்பனி பொதுவாகச் செய்யும். சூப்பர்மார்க்கெட்டில் மேலாளரின் தயவைக் கேட்கவேண்டும். என்எச்எஸ்ஸில் தயவு தேவையில்லை, எழுத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தின் சுகாதாரத் திணைக்களம் என்எச்எஸ் தரிப்பிடங்களுக்கென்று ஒரு வழிகாட்டல் வைத்திருக்கிறது. அதில் எனக்கு அடிக்கடி உதவும் விஷயங்கள் இவை. ஓட்டுநரின் கையில் இல்லாத காரணத்தால் நேரம் பிந்தினால் மேலதிகக் கட்டணத்தைக் கைவிடவேண்டும், சிகிச்சை நினைத்ததைவிட நீண்டுபோவதையே அது உதாரணமாகச் சொல்கிறது. வேலைநேரம் முடிந்தும் நிற்கவேண்டி வந்த ஊழியருக்கும் அது பொருந்தும். தனியார் ஒப்பந்தக்காரர் செய்வதற்கு என்எச்எஸ் அமைப்பே பொறுப்பு. டிக்கெட் எழுத எழுதக் கம்பனிக்கு வருமானம் கூடும் விதமாக ஒப்பந்தம் கொடுக்கக்கூடாது. கட்டணமும் சலுகையும் தரிப்பிட வாசலிலும் காசு கட்டும் இடத்திலும் ஆஸ்பத்திரிக்கு உள்ளேயும் தெரியும்படி எழுதியிருக்கவேண்டும்.

இலவசமாகவே நிறுத்தக்கூடியவர்கள் என்றும் நான்கு வகையினர் இருக்கிறார்கள். புளூ பட்ஜ், அதாவது இயலாமை உள்ளவர்களுக்கான தரிப்பிட அட்டை உள்ளவர்கள். அடிக்கடி வெளிநோயாளராக வருகிறவர்கள், அதாவது மாதத்தில் குறைந்தது மூன்று தடவையாகக் குறைந்தது மூன்று மாதம் வரவேண்டியவர்கள். டயாலிசிஸ், புற்றுநோய்ச் சிகிச்சை எல்லாம் இதற்குள் வந்துவிடும். பிள்ளை வோர்டில் இரவு தங்கினால் கூடத் தங்கும் பெற்றோர், இரவு 7.30 முதல் காலை 8 வரை. இரவுவேலை பார்க்கும் ஊழியர்கள். இந்தச் சலுகை தானாக வந்து சேராது. பல இடங்களில் வோர்டில் ஒரு படிவம் வாங்கவேண்டும், அல்லது வரவேற்பு மேசையில் உள்ள சிறு திரையில் நம்பர் பிளேட்டை அடிக்கவேண்டும். புளூ பட்ஜ்காரரும் அதையே செய்யவேண்டிய ஆஸ்பத்திரிகள் உண்டு, பட்ஜைக் கண்ணாடியில் வைத்தால் கமெராவுக்குத் தெரியாது. தெரியாமல் விட்டவர்களுக்குத்தான் டிக்கெட் வருகிறது. அப்படி வந்தாலும் சலுகைக்குத் தகுதி இருந்தது என்று காட்டினால் போதும், ஆஸ்பத்திரிகளை நடத்தும் டிரஸ்ட்டுகள் இதில் அவ்வளவு அடம்பிடிப்பதில்லை.

எழுதவேண்டிய இடம் பால்ஸ். நோயாளர்களுக்கு ஆலோசனை சொல்லவும் குறை கேட்கவும் என்எச்எஸ் ஆஸ்பத்திரிகளில் உள்ள அலுவலகம் அது. தொலைபேசியில் சொல்லலாம், ஆனால் மின்னஞ்சல் அனுப்புங்கள், எழுத்தில் இருக்கட்டும். சில இடங்களில் தரிப்பிடத்துக்கென்று தனி அலுவலகம் இருக்கும், அதற்கும் ஒரு பிரதி.

ஆதாரம் என்ன வைப்பது? அப்பொயின்ட்மென்ட் கடிதம் மட்டும் போதாது. அது 10.15க்கு வரச்சொன்னதைக் காட்டுமே தவிர, 12.40க்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள் என்பதைக் காட்டாது. எங்கள் மாமியின் கண் கிளினிக்கில் நடந்தது இதுதான். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை உட்காரவைத்து, பிறகு ஸ்கேனுக்கு இன்னொரு வரிசை. மூன்று மணிநேரத்துக்குக் காசு போட்டிருந்தது, அது முடிந்தபோது மாமி இன்னமும் டொக்டரைப் பார்க்கவில்லை. பார்வை மங்கியிருந்தவரைத் தனியே விட்டுவிட்டு மெஷினுக்கு ஓடமுடியாது. டிக்கெட் வந்ததும் கிளினிக் வரவேற்பு மேசைக்குப் போன் எடுத்து, அன்றைக்கு வந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் போட்டு ஒரு உறுதிக் கடிதம் கேட்டோம். வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுப்பதற்கு ஆட்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் அது அவர்களுக்குப் பழகிய வேலை. ஆஸ்பத்திரி முத்திரையோடு வந்தது, இரண்டே வரி. அந்த இரண்டு வரிதான் வழக்கை முடித்தது.

ஒன்று கவனியுங்கள். கடிதத்தில் நோயின் பெயர் இருந்தால் கறுப்புப் பேனையால் அடித்துவிட்டுப் பிரதி எடுங்கள். நேரமும் திகதியும் பிரிவின் பெயரும் கம்பனிக்குப் போதும். என்ன வருத்தம், என்ன மருந்து என்பது ஒரு பார்க்கிங் கம்பனிக்கு எதற்கு? பயந்துபோன ஆட்கள் டிஸ்சார்ஜ் சம்மரி முழுவதையும் அனுப்பிவைப்பதைக் கண்டிருக்கிறேன். தேவையே இல்லை.

பால்ஸுக்கு நான் ஆங்கிலத்தில் எழுதுவதன் சாரம் இது:

"இந்த இலக்க வாகனத்தின் பதிவுக் கீப்பர் நான். குறித்த திகதியில் வாகனம் உங்கள் தரிப்பிடத்தில் நின்றது. அன்று கண் சிகிச்சைப் பிரிவில் நோயாளி ஒருவருக்கு 10.15க்கு அப்பொயின்ட்மென்ட். அவரை உள்ளே அழைத்தது 12.40க்கு. பிரிவின் உறுதிக் கடிதம் இணைத்திருக்கிறேன். இந்தத் தாமதம் ஓட்டுநரின் கையில் இருக்கவில்லை. சிகிச்சை நீண்டால் மேலதிகக் கட்டணத்தைக் கைவிடவேண்டும் என்றும், ஒப்பந்தக்காரரின் செயலுக்கு என்எச்எஸ் அமைப்பே பொறுப்பு என்றும் என்எச்எஸ் தரிப்பிட வழிகாட்டல் சொல்கிறது. எனவே இந்தக் கட்டணத்தை ரத்துச்செய்யும்படி உங்கள் ஒப்பந்தக்காரருக்கு அறிவுறுத்தி, எனக்கு எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்."

கோபம், சாபம், "நாங்கள் வரி கட்டுகிறோம்" எதுவும் வேண்டாம். வாசிக்கிறவர் ஒரு அலுவலக ஊழியர், அவருக்குத் தன் மேலாளரிடம் காட்ட ஒரு காரணம் வேண்டும். அதைக் கையில் கொடுத்துவிட்டால் வேலை முடிகிறது.

"இது எங்கள் விஷயம் இல்லை, கம்பனியைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று ஒரு வரியில் பதில் வரலாம். அடிக்கடி வரும். விட்டுவிடாதீர்கள். வழிகாட்டலில் உள்ள பொறுப்பு பற்றிய வரியை அப்படியே எடுத்துப் போட்டு, முறையான புகாராகப் பதியும்படி மறுபடி எழுதுங்கள், பிரதியைத் தலைமை நிர்வாகிக்கும் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் தொகுதி எம்பி. எம்பி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போனால் ஆஸ்பத்திரி நிர்வாகம் எழுந்து உட்காரும்.

நோயாளி நடக்க முடியாதவர், நீண்டகால வருத்தம் உள்ளவர் என்றால் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தையும் ஒரு வரி சேருங்கள். இயலாமை உள்ளவருக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும் என்பதை ஏற்றுத் தக்க மாற்றம் செய்துகொடுப்பது ஆஸ்பத்திரிக்கும் கம்பனிக்கும் கடமை.

கம்பனிக்கு எழுதுவது

ஆஸ்பத்திரி பதில் சொல்லட்டும் என்று கம்பனியின் கெடுவைத் தவறவிடாதீர்கள். பால்ஸ் எடுக்கும் காலம் கம்பனியின் கடிகாரத்தை நிறுத்தாது. இரண்டுக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள். கம்பனிக்கு மேன்முறையீடு செய்ய 28 நாள். ஆனால் 14 நாளுக்குள் அனுப்பினால் நல்லது, மறுத்தாலும் அந்தக் குறைந்த தொகையை மறுபடி தருகிறார்களா என்று பதில் கடிதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பிபிஏயும் ஐபிசியும் சேர்ந்து எழுதிய ஒரே நடைமுறைக் கோவை 2024 ஒக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசாங்கம் 2019இல் சட்டம் போட்டு, 2022 பெப்ரவரியில் தன் கோவையை வெளியிட்டு, கம்பனிகள் வழக்கென்று கிளம்பியதும் அதே வருடம் ஜூனில் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த வெற்றிடத்தில் சங்கங்களே எழுதிக்கொண்டதுதான் இது. கம்பனிகளே எழுதியதுதான் என்றாலும் எங்களுக்கு உதவும் வரிகள் இருக்கின்றன. நேரம் முடிந்தபின் குறைந்தது 10 நிமிடம் சலுகை தரவேண்டும். உள்ளே போய்ப் பலகையை வாசித்து நிற்பதா போவதா என்று முடிவெடுக்கக் குறைந்தது 5 நிமிடம். நம்பர் பிளேட்டை மெஷினில் அடிக்கும்போது ஓ எழுத்துக்குப் பதில் பூச்சியம் அடித்தது போன்ற சின்னப் பிழை என்றால், காசு கட்டியதைக் காட்டினால் ரத்துச்செய்யவேண்டும். மாமாவின் காரின் நம்பரை அடித்தது போன்ற பெரிய பிழை என்றால் தொகை 20 பவுண்ஸுக்கு இறங்கவேண்டும். பற்றுச்சீட்டையோ வங்கிக் கணக்கின் வரியையோ இணையுங்கள்.

கமெரா நேரத்தையும் கூர்ந்து பாருங்கள். அது காட்டுவது வாசலைக் கடந்த நேரம். ஆஸ்பத்திரியில் இடம் தேடிச் சுற்றுவதற்கே எவ்வளவு நேரம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும், வெளியேறும் வரிசையும் அப்படித்தான். காசு கட்டிய நேரத்தை விடச் சில நிமிடம் கூடியதற்கு டிக்கெட் வந்திருந்தால் இந்த வாதம் மிகவும் வலுவானது.

பொப்லா

கம்பனி மறுத்தால், அது பிபிஏ உறுப்பினர் என்றால், மறுப்புக் கடிதத்தில் பொப்லாவுக்கான, அதாவது பிபிஏ கம்பனிகளின் டிக்கெட்டுகளுக்கு மேன்முறையீடு கேட்கும் சுயாதீன அமைப்புக்கான, ஒரு இலக்கம் இருக்கும். 28 நாள், இலவசம். அங்கே நீங்கள் வென்றால் கம்பனி கட்டுப்படவேண்டும், தோற்றால் நீங்கள் கட்டுப்படவேண்டியதில்லை. குறைந்த தொகைச் சலுகை மட்டும் போய்விடும். ஐபிசி உறுப்பினர் என்றால் ஐஏஎஸ் என்ற வேறொரு இடம். அதில் எனக்கு நம்பிக்கை குறைவு, ஆனால் கெடுவுக்குள் எழுதிவைப்பதால் நட்டமில்லை.

பொப்லாவில் அனுதாபம் எடுபடாது. அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஏ அண்ட் ஈக்கு ஓடினோம் என்று எழுதினால் மனம் இளகலாம், தீர்ப்பு மாறாது. அங்கே கேட்பது சட்டக் கேள்விகள். கடிதம் 14 நாளுக்குள் சேர்ந்ததா? சட்டம் கேட்கும் எச்சரிக்கைகள் அதில் இருக்கின்றனவா? பலகை எங்கே, எந்த உயரத்தில், இரவில் வெளிச்சம் உண்டா? இந்த நிலத்தில் டிக்கெட் எழுத ஆஸ்பத்திரியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தம் எங்கே, காட்டட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனித் தலைப்பாக எழுதுங்கள். பலகையின் படத்தை நீங்களே போய் எடுங்கள், ஓட்டுநர் ஆசனத்தின் உயரத்திலிருந்து. கம்பனி அனுப்பும் படங்கள் பகல் வெளிச்சத்தில் பலகைக்கு முன்னால் நின்று எடுத்தவை. கம்பனி தன் ஆதாரங்களை ஏற்றியதும் பதில் சொல்ல உங்களுக்கு 7 நாள் தருவார்கள், அந்த மின்னஞ்சல் ஸ்பாமுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் பக்கங்களை மை பூசி மறைத்து அனுப்பியிருந்தால், எந்தத் திகதிவரை செல்லும் என்பது தெரியவில்லை என்று எழுதலாம்.

சிவப்பு எழுத்துக் கடிதங்கள்

பொப்லாவிலும் தோற்றுக் கட்டாமல் விட்டால் கடன் வசூலிப்பவர்களின் கடிதங்கள் தொடங்கும். தொகையில் 70 பவுண்ஸ் கூடியிருக்கும். சிவப்பு எழுத்து, "இறுதி எச்சரிக்கை", பிறகு அதற்கு இறுதி எச்சரிக்கை. இவர்கள் பெய்லிஃப் இல்லை. வீட்டுக்குள் வரவோ பொருளை எடுக்கவோ இவர்களுக்கு அதிகாரம் கிடையாது. கீப்பரிடம் சட்டப்படி கேட்கக்கூடியது முதல் நோட்டீஸில் இருந்த தொகையைத்தான், இந்த எழுபதைக் கேட்க 2012 சட்டத்தின் நான்காம் அட்டவணை இடம்தரவில்லை. இவர்களோடு போனில் பேசாதீர்கள். கடிதங்களைக் கோப்பில் போடுங்கள், எறியாதீர்கள்.

ஆனால் "லெட்டர் பிஃபோர் கிளெயிம்", அதாவது வழக்குப் போடுவதற்கு முந்தைய கடிதம், என்று ஒன்று வந்தால் அது வேறு. பதில் சொல்ல 30 நாள் உண்டு, சொல்லுங்கள். அதற்குப் பிறகு நோர்தாம்டனில் உள்ள சிவில் தேசிய வர்த்தக மையத்திலிருந்து உரிமைகோரல் படிவம் வந்தால் அன்றைக்கே உட்காருங்கள். வழங்கிய திகதியிலிருந்து 5 நாளில் கையில் கிடைத்ததாகக் கொள்வார்கள். அதிலிருந்து 14 நாளுக்குள் கிடைத்தது என்று இணையத்தில் பதிவுசெய்தால், எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். சிறு கோரிக்கைப் பிரிவில் தோற்றாலும் மற்றப் பக்கத்துச் சட்டத்தரணியின் முழுச் செலவு உங்கள் தலையில் விழாது. தோற்றால் ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டிவிட்டால் பதிவேட்டில் பெயர் நிற்காது.

படிவத்தைக் கவனிக்காமல் விட்டால்தான் ஆபத்து. வழக்கே நடக்காமல் தீர்ப்பு விழும், சிசிஜே என்பார்கள், ஆறு வருடம் கடன் பதிவில் கிடக்கும். எங்கள் அலுவலகத்துக்கு வீட்டுக் கடன் மறுக்கப்பட்டு வந்த இளம் தம்பதி ஒன்று, காரணம் தெரியாமல் முழித்தது. பழைய வாடகை வீட்டு விலாசத்துக்குப் போன ஒரு பார்க்கிங் வழக்கு. வீடு மாறியபோது வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் விலாசம் கொடுத்தவர்கள், காரின் பதிவுப் புத்தகத்தை மாற்றவில்லை. தீர்ப்பை விலக்கக் கேட்கும் படிவம் என்244 என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்குக் கட்டணமும் உண்டு, அலைச்சலும் உண்டு. வீடு மாறினால் டிவிஎல்ஏயில் பதிவுப் புத்தக விலாசத்தை மாற்றுங்கள், லைசென்ஸை மாற்றினால் அது தானாக மாறாது. பழைய டிக்கெட் ஏதும் தொங்கிக்கொண்டிருந்தால் கம்பனிக்கும் புது விலாசத்தை எழுதி அறிவியுங்கள்.

ஆஸ்பத்திரி என்பதற்காகக் கோர்ட் எப்போதும் இரங்கும் என்றும் நினைக்கவேண்டாம். 2017இல், தரிப்பிடத்தை இன்னமும் தனியார் கம்பனி நடத்திக்கொண்டிருந்தபோது, கார்டிஃபில் உள்ள வேல்ஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் ஊழியர்கள் பலர், சேர்ந்துபோன டிக்கெட்டுகளுக்காகக் கம்பனியிடம் வழக்கில் தோற்றார்கள். தாதிமார்தான், வேலைக்கு வந்தவர்கள்தான்.

காசு கஷ்டம் உள்ளவர்களுக்கு இன்னொரு தகவல். குறிப்பிட்ட அரச உதவிகள் பெறுபவர்கள் சிகிச்சைக்குப் போன பயணச் செலவை, தவிர்க்கமுடியாத தரிப்பிடக் கட்டணம் உட்பட, என்எச்எஸ்ஸிடமிருந்து திரும்பக் கேட்கலாம். டிக்கெட் காசு கிடைக்காது, மெஷினில் போட்ட காசு கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் கேட்கவேண்டும், பற்றுச்சீட்டு வேண்டும்.

ரத்து என்று ஆஸ்பத்திரி சொன்னால், அது ஆஸ்பத்திரியின் வார்த்தை மட்டும்தான். கம்பனியிடமிருந்தும் ரத்து என்று எழுத்தில் வாங்குங்கள், நோட்டீஸ் இலக்கம் அதில் இருக்கவேண்டும். ஆஸ்பத்திரி ரத்துச்செய்யச் சொல்லியும் கம்பனியின் கணினியில் அது ஏறாமல், வசூல் கடிதங்கள் தொடர்ந்து வந்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். ரத்துக் கடிதத்தின் பிரதியை ஒருமுறை அனுப்பியதோடு அவை நின்றன. இப்படியான கோரிக்கைக்கு வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறது, அந்தக் காகிதத்தையும் அவ்வளவு காலம் கோப்பில் வைத்திருங்கள்.